கதவை உள்ளிருந்து சாத்தியவள்

"ஏங்க" என்பதைத் தவிர வேறு எப்படியும் நான் அழைத்தறியாத என் அன்பான வீட்டுக்காரருக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த இங்கிலீஷ் நாவலைப் பற்றி நாம் போட்ட சண்டையில் நீங்கள் சொன்னதே சரி. நான் சொன்னது தவறு. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நினைவிருக்கிறதா? நிலாவில் மனிதன் இறங்கிய வருஷம். திருப்பத்தூரில் பழைய புத்தகக் கட்டில் அகப்பட்டது, அட்டையும் பெயர்த் தாளும் கிழிந்துபோனது. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. மூன்று தலைமுறையாக விரும்பிப் படிக்கப்படும் விஞ்ஞானக் கதை என்று முன்னுரை மட்டும் சொன்னது. நீங்கள் பட்டறையில் நகைக்குப் பற்றவைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லுவேன்.

முந்நூறு பேரைத் தூங்க வைத்துக்கொண்டு ஒரு கப்பல் வேறொரு சூரியனை நோக்கிப் போகிறது. அவர்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டுமென்று ஒருத்தி மட்டும் நாற்பது வருஷம் விழித்திருந்து காவல் காக்கிறாள். போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் பழைய இளமையோடு எழுகிறார்கள். அவள் மட்டும் கிழவி. புது மண்ணில் முதுமை கால் வைத்தால் ஆகாது என்கிறார் தலைவர். அவளும் சரியென்று கப்பலின் கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்கிறாள். அத்தோடு கதை முடிந்தது.

நீங்கள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"கொண்டாந்து சேத்தவள உள்ள வச்சுப் பூட்டிட்டு இவுக மட்டும் காத்து வாங்கப் போறாகளாக்கும்?"

"யாரும் பூட்டலைங்க. அவளாத்தேன் சாத்திக்கிட்டா. அதுக்குப் பேரு தியாகம். எதுக்கு இம்புட்டுக் கோபப்படுறீக?"

"வேற என்ன செய்ய விட்டாக அவள? நீயும் தலையாட்டிக்கிட்டு வாசிக்கிற. கான்வென்ட்ல படிச்ச லட்சணம் இதுதானாக்கும்."

"உங்களுக்குத் தங்கத்தத்தேன் தெரியும். நாவல் தெரியாது" என்றேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை.

இப்போது இங்கே நடப்பதைக் கேளுங்கள். நமக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த குமரேசனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் அரியக்குடி. தாலிக்குப் பொன்னுருக்குவது நம் பட்டறையில்தான். நல்ல நேரம் பார்த்து உங்கள் அண்ணன் உருக்குகிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்பார்கள். போன வாரம் உங்கள் அண்ணி வந்தார்.

"இந்தா செல்லம், அன்னைக்கு மட்டும் நீ அடுப்படியில இருந்துக்க. சுமங்கலிக நிக்கிற எடம்."

"ஏங்கக்கா, நேத்துக்கூட ரெண்டு தாலிக்கு நாந்தானே மெருகு போட்டேன்?"

"அது உள்ள உக்காந்து செய்யிறது. ஆரு பாக்கப் போறா?"

கேட்டீர்களா? நீங்கள் கண்மூடிய பிறகு இந்த மூன்று வருஷமும் ஊரார் தாலிகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, தேய்த்து, பளபளக்க வைத்தது இந்தக் கைதான். அதைக் கட்டிக்கொண்ட பெண்கள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்? சுவருக்கு உள்ளே ஆகும் கை, சுவரைத் தாண்டினால் எப்படி ஆகாமல் போகும்? வேலை வேண்டும், முகம் மட்டும் வேண்டாம்!

குமரேசனிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நா தானம்மா. பொறுத்துக்கிட மாட்டீகளா?" என்றான். அண்ணி சொன்னது எனக்குக் கோபத்தைத் தந்தது. இவன் கேட்டது என்னை உட்கார வைத்துவிட்டது.

அன்றைக்குத்தான் அந்த நாவலைத் தேடி எடுத்தேன். முன்பு அதை அந்தக் கப்பல் தலைவரின் கண்ணால் படித்திருக்கிறேன் என்று புரிந்தது. இம்முறை பென்சிலை வைத்துக்கொண்டு படித்தேன். சமையற்காரனுக்குப் பெயர் உண்டு. தலைவரின் நாய்க்குப் பெயர் உண்டு. நாற்பது வருஷம் விழித்திருந்தவளுக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பெயரே இல்லை! எல்லோரும் அவளுக்கு மரியாதையாக நன்றி சொல்கிறார்கள். சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார்கள். எழுதியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். தெரியாமல் படித்தவள் நான்.

கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தித் தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். நான்கு பிழைகள் திருத்தினேன். அதில் என் பெயர் இல்லை.

நம் கல்யாணத்தன்று, அப்போதே கணவரை இழந்திருந்த உங்கள் அம்மா எங்கே இருந்தார்? நான் தேடவில்லை. நீங்கள் தேடினீர்களா? அந்த நாவலுக்கு அப்படிக் கோபப்பட்டவர், சொந்தத் தாய்க்காக ஒரு வார்த்தை பேசினீர்களா? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். செத்துப்போனதால் மட்டும் உங்களை விட்டுவிட மாட்டேன்.

உங்கள் அண்ணனிடமே நேரே கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாக?" என்றார். சரியென்று மறுநாளே அரியக்குடிக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் தாய் தனியாக வந்து நின்றதில் சம்பந்தியம்மா பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னதும் பதற்றம் கூடிவிட்டது. "பெரியவுகளக் கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார். காபி நன்றாக இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.

வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு என் வாக்கு இது. தங்கம் உருகும்போது உங்கள் அண்ணனுக்கு எதிரில், பையனின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். விலகிப் போகிறவர்கள் போகட்டும். யாராவது என்னை உள்ளே போகச் சொன்னால் அவர்களோடு வழக்காட மாட்டேன். குமரேசனைப் பார்த்து, "நான் போகணுமாடா?" என்று மட்டும் கேட்பேன். அவன் பொத்தானைப் பார்க்காமல், அத்தனை பேர் முன்னிலையில் பதில் சொல்லட்டும்.

நாளைக்கு நானே மனம் தளர்ந்து பின்வாங்கிவிடக் கூடாது. அதற்காகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, மாப்பிள்ளை குமரேசனின் தாய்,
செல்லம்மாள்