அவள் உட்கார்ந்திருந்த உயரம்

பிப்ரவரி 6

இரண்டு பேன்ட் சுருக்கிக் கொடுத்தேன். ஒரு ஜிப் உயிரை வாங்கிவிட்டது. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், இவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

என் மனைவி, இத்தனை வருஷம் டவர் கிரேன் ஓட்டியவள். கட்டட சைட்டில் எல்லாருக்கும் இவள் 'மேலக்கா'. காதுக்குள் கோளாறு, அதனால்தான் தலைசுற்றல், இனி உயரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். பேச்சில்லை. என்னைக் கிண்டல் பண்ணக்கூட மனசில்லை. இவள் கிண்டல் இல்லாத வீடு எனக்கு வீடாகவே தெரியவில்லை. இப்படியே இருந்துவிடுவாளோ? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8

போனை என் கையில் திணித்தாள். "இதுல இருக்கற போட்டோ எல்லாத்தையும் அழிச்சுடுங்க. இனிமே எதுக்கு?"

சரி என்றேன். அழிக்கவில்லை.

பிப்ரவரி 9

கடையில் வேலை ஓடவில்லை. போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கடைசி சைட்டில், சாப்பாட்டு இடைவேளையில், கேபின் கண்ணாடி வழியாக எடுத்தவை. அந்த சைட் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

அம்மாடி! ஒன்றில் பனிமூட்டத்தில் தெருவெல்லாம் முங்கிப்போய், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்றில் ஊரின் ஒரு பாதியில் மழை கொட்டுகிறது, மறு பாதி வெயிலில் காய்கிறது. மழைக்கு ஓரம் உண்டு என்றே எனக்கு இன்றுதான் தெரியும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து "இன்னிக்கு என்ன சமையல்?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாளே! என்ன மனுஷி இவள்?

பிப்ரவரி 10

எல்லாவற்றையும் ஒரே அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். "கல்யாண ஆல்பமா?" என்றார் ஸ்டுடியோக்காரர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 13

பிரிண்ட் வந்தது. வெட்டும் மேஜையில் பரப்பினேன். கட்டம் போட்ட சட்டைக்குப் பாக்கெட் வைத்தால் கோடு கோட்டோடு சேர வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில் ஒரு படத்தின் ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு சும்மா நகர்த்தினேன். பாலம் பாலத்தோடு சேர்ந்தது!

ஒரே பாலம். ஒரு பாதி மழையில், மறு பாதி வெயிலில். பிறகு ரயில் பாதை சேர்ந்தது. ஆறு சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் கிரேன் எந்தப் பக்கம் திரும்பி நின்றதோ அந்தப் பக்கத்தை எடுத்திருக்கிறாள். எல்லாம் சேர்ந்தால் ஊர் முழுக்க ஒரு சுற்று! தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு வந்த ஒரு அம்மாவை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டு ஹாலில் அந்தப் பெரிய சுவர், குடிவந்த நாள் முதல் வெள்ளையாகவே கிடக்கிறது. அதற்குத்தான் இது.

பிப்ரவரி 16

மச்சான், அவளுடைய தம்பி, அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனான். "அக்காவை மெதுவாவே கூட்டிட்டு வரேன் மச்சான், நீங்க ஜமாய்ங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். படங்களைச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒட்டி முடித்தேன். பின்னால் நகர்ந்து பார்த்தால், சுவரே இல்லை. எங்கள் ஹால் வானத்தில் திறந்துகிடந்தது.

வந்தாள். பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துடுங்க. சுத்துது." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? புண்ணுலயே குத்திட்டேனே— யாரைக் கேட்டுடா ஒட்டினே?

பிப்ரவரி 17

பிய்த்தெடுக்கக் கை வரவில்லை. படுக்கை விரிப்பால் மூடிவைத்தேன்.

பிப்ரவரி 20

மத்தியானம் வந்தால் விரிப்பு தரையில் கிடக்கிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"துணி வெட்டறப்ப நின்னுக்கிட்டுதானே வெட்டுவீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அதான். நின்னுக்கிட்டு உங்க கண்ணுக்கு அளவு பாத்து ஒட்டியிருக்கீங்க. நான் உட்கார்ந்துல்ல பாத்தேன்?"

பிறகு சொன்னாள். காற்று கேபினை ஆட்டும்போதெல்லாம், தூரத்தில் வானமும் தரையும் சேர்கிற கோட்டையே பார்ப்பாளாம். அது கண்ணுக்கு நேராக இருக்கும்வரை எதுவும் பண்ணாதாம். "நீங்க அந்தக் கோட்டைத் தலைக்கு மேல தூக்கி வெச்சுட்டீங்க. நான் கீழ விழுந்து கிடக்கற மாதிரி இருந்துச்சு."

இது எனக்குத் தோன்றவே இல்லையே! உடனே இஞ்ச் டேப்பை எடுத்தேன். அவளை உட்காரவைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் அளந்தேன். "அசையாம இரு" என்றேன்.

"பாத்து, இறுக்கமா தெச்சுடாதீங்க" என்றாள்.

கிண்டல்! எத்தனை நாளைக்கு அப்புறம்! டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 22

படங்களைக் கீழே இறக்கி, அந்தக் கோட்டை அவள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. இரண்டு படம் இடம் மாறியிருந்ததாம், அதட்டி மாற்றவைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். கை இரண்டும் தானாகவே லீவர் பிடிப்பதுபோலக் கைப்பிடிக்குப் போயின. கண் பாலத்திலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து ரயில் பாதைக்கு மெல்ல நகர்ந்தது. தலை சுற்றவில்லை. இவ்வளவு பெரிய ஊரை இந்தச் சின்ன உடம்பு தினமும் ஒற்றையாளாக உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

"இங்க வாங்க. இது என்னன்னு தெரியுதா?"

கடுகளவு சிவப்பு. என் கடையின் தகரப் பந்தல். அதன் முன்னால் ஒரு புள்ளி.

"நீங்கதான்."

அப்போதெல்லாம் எனக்குக் கடையிலேயே சாப்பாடு. கை கழுவ வெளியே வரும்போது தினமும் அந்த மஞ்சள் கிரேனை அண்ணாந்து பார்ப்பேன். கேபின் தீப்பெட்டி அளவுதான் தெரியும். உள்ளே இவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான், யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்.

"தினமும் வந்து நிப்பீங்க. ஒரு நாளாவது கை ஆட்டியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியும்னு நான் என்ன கண்டேன்?"

"நான் ஆட்டிக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள்.

மார்ச் 3

மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே நின்று எங்கள் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.