மூன்றாம் மாடிக்கு ஒரு தபால்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், என்ன, ஆளுக்கு ஓர் இடத்தில் சுகமாக இருக்கிறோம். போனில் பேசுகிற மனிதர் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பாய், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் வாங்கி, கட்டடம் பாதியில் நின்றுபோன பிளாட்டில்தான் இப்போது குடியிருக்கிறேன். பயப்படாதே, ஜன்னலுக்குத் தகரம் அடித்தாயிற்று, மழை உள்ளே வரவில்லை. உன் பேரில் எடுத்த கடனும் என் ஓய்வுப் பணமும் சேர்த்துப் போட்ட இடம், நமக்கு விற்பதற்கு முன்னாலேயே பில்டர் மொத்தத்தையும் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் அடமானம் வைத்திருந்தது உனக்குத் தெரியும். தெரியாத சங்கதி, அவன் வட்டி கட்டாமல் கம்பி நீட்டிய பிறகு கம்பெனி ஆட்கள் காலி வீடுகளாகப் பார்த்துத் தங்கள் பூட்டைப் போட ஆரம்பித்தார்கள். பத்திரம் உங்க கையில இருக்கு சரி, வீட்டுல யாரு இருக்காங்கன்னு கோர்ட்டுல கேட்டா நான் என்ன சொல்றதுன்னு நம் வக்கீல் அம்மா கேட்டார்கள். அன்று சாயங்காலமே பாயையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். லிப்ட் வர வேண்டிய இடத்தில் குழிதான் இருக்கிறது, அம்மாவின் முட்டிவலிக்கு இத்தனை படி ஆகாது, அவள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். மத்தியானம் கீழே நின்று குரல் கொடுப்பாள், நான் பால்கனியிலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவேன், சாப்பாடு மேலே வரும், அழுக்குத் துணி கீழே போகும், போன்கூட அதே வாளியில்தான் சார்ஜுக்குப் போய் வருகிறது. கல்யாணமான புதுசுலகூட நீங்க இப்படி மாடியில நின்னு என் வழி பார்த்ததில்லைன்னு ஒரு நாள் சொன்னாள். சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

இப்போதெல்லாம் கோபமும் வருவதில்லை. முதலில் பில்டரை நினைத்தால் வாய்விட்டுத் திட்டுவேன், இப்போது அவன் முகமே சரியாக நினைவில் இல்லை. எதிர் வீட்டு வாத்தியார் கம்பெனி கொடுத்த பாதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார், போகும்போது தன் அழைப்பு மணியைக் கழற்றிக்கொண்டு போனார். கரண்டே வராத வீட்டுக்கு வாங்கி மாட்டிய மணி. பார்த்துக்கொண்டே நின்றேன், பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. என்னிடமும் அதே பேப்பரை நீட்டினார்கள், நான் தொடவில்லை. பாதிப் பணம் வாங்கினால் வீடு போய்விடும், உன் கடன் மட்டும் நிற்கும். நீ இன்னொரு கடன் வாங்கிக் கம்பெனியோடு கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்றாயே, அந்தப் பேச்சே வேண்டாம், தவணையை மட்டும் தவறாமல் கட்டு. மாப்பிள்ளையின் அண்ணன் ஏதோ நிலம் காட்டுகிறார் என்றாய். முன்பணம் கொடுக்கும் முன்னால் அதன்மேல் அடமானம் உண்டா என்று நீயாகத் தேடிப்பிடித்த வக்கீலிடம் கேள், விற்கிறவர் கூட்டிவரும் வக்கீலிடம் கேட்காதே, இந்தப் பிளாட்டுக்கு நாம் கேட்டது பில்டர் கூட்டிவந்தவரிடம்தான்.

முந்தாநாள் அம்மா கீழே நின்று வீட்டுக்கு எப்ப வர்றீங்கன்னு கேட்டாள். வீட்டுலதானே இருக்கேன்னு சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் இதுதான் என் வீடுன்னு சொல்லுங்க என்று வக்கீல் அம்மா சொல்லிவைத்திருந்தார்கள், அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்றுச் சாப்பாடு வந்தது, குரல் வரவில்லை, கயிறு ஆடியதைப் பார்த்து நானாக இழுத்துக்கொண்டேன். நீ அவளுக்குப் போன் செய்து பேசு, நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே.

சரி, காரணத்துக்கு வருகிறேன். நான் இங்கேதான் வசிக்கிறேன் என்று கோர்ட்டில் காட்ட, இந்த விலாசத்துக்கு என் பேரில் வந்த தபால் வேண்டுமாம். கரண்ட் பில்லா, தண்ணீர் பில்லா, இங்கே எனக்கு என்ன வரப்போகிறது. நீதான் ஒரு கடிதம் எழுத வேண்டும், போனில் கேட்டால் போனிலேயே பதில் சொல்லிவிடுவாய். அடுத்த விசாரணைக்கு முன்னால் கிடைக்கும்படி போட்டுவிடு, கதவு எண்ணைத் தெளிவாக எழுது, மூன்றாம் மாடி என்பதை விட்டுவிடாதே. முத்திரை விழுந்த கவர் இருந்தால் போதும், உள்ளே வெறும் தாள் வைத்தாலும் பரவாயில்லை என்று வக்கீல் அம்மா சொன்னார்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் கடன்படாமல் நன்றாக இருக்க வேண்டும். கோர்ட்டுக்குக் கவர் போதும். எனக்கு உள்ளேயும் ஏதாவது எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
மூன்றாம் மாடி, படி ஏறினதும் வலது பக்கக் கதவு