சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்னார்

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஓசூர்க் குளிர் முழங்காலில் ஏறுகிறது. சாத்தூர்க்காரிக்கு இதெல்லாம் தேவையா.

புரோகிராமில் பிழை தேடும் டீபக்கரின் புதுப் பதிப்பு வந்தது, ஒரு பெட்டி நிறைய பிளாப்பி. அதோடு ஒட்ட நான் எழுதிய பிளக்-இன் இரண்டும் ஏற மறுத்தன. மதியம் வரை மல்லுக்கட்டு. சாப்பாடு ஆறிப்போச்சு. ஒன்று ஏறியது: புரோகிராம் தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதினால் கத்துகிற பிளக்-இன். மற்றது, நேரம் அளப்பது, நாளைக்கு.

புது பிரஸ் மெஷினின் புரோகிராமை அதில் ஓடவிட்டேன். பெங்களூர் ஆர்டர், தகடு வளைக்கும் மெஷின். மே. வந்து உட்கார்ந்தார். (மே. = மேனேஜர். முழுப் பெயர் எழுத மனசு வரவில்லை.) சாமி பேர் போடாமல் எதையும் தொடங்க மாட்டார். வேலைப் பெயர் கேட்கும் இடத்தில் முதலில் 'ஸ்ரீ மாரியம்மன் துணை', அப்புறம் கம்பெனிப் பெயர், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். என்டர் தட்டினார். பிளக்-இன் கத்தியது.

"என்னம்மா இது, அபசகுனம் மாதிரி?"

"சார், பெயருக்கு விட்ட இடம் பத்தல. மிச்ச எழுத்து பக்கத்து இடத்துல போய் விழுது."

"மெஷின் நல்லாத்தான ஓடுது? புதன்கிழமை பார்ட்டி வர்றாங்க. அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திடு."

மாட்டேன் என்றேன். புரோகிராம் எழுதியவர் அவரே, அதுதான் விஷயம். நாற்காலியை இழுத்துப் போட்டு, சத்தத்தையும் திரையில் வரும் எச்சரிக்கையையும் தானே அணைத்தார். பத்திக்கொண்டு வருகிறது.

குடைக் கம்பி சரிபண்ணணும். தே. எண்ணெய் தீர்ந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. இரண்டாவது பிளக்-இன்னும் ஏறியது. ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பக்கத்து இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். 'இரண்டு பொத்தானும் அழுத்தியாச்சு' என்ற குறிப்பு! ஆபரேட்டர் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கணும். கை உள்ளே இருக்கக்கூடாது என்றுதானே அந்த ஏற்பாடு. வழிகிற எழுத்து அந்தக் குறிப்பின் மேல் விழுந்தால், யாரும் தொடாமலே மெஷின் இறங்கும். பொத்தானை நேராக ஒயரில் இணைக்காமல் புரோகிராம் வழியாகக் கொண்டுவந்ததும் இந்த மனுஷன்தான். ஒயர் மிச்சமாம்!

மே.யிடம் சொன்னேன். "நாளைக்கு ஓட்டிக் காட்டறேன், அப்புறம் பேசு."

அக்டோபர் 8, புதன்

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். நாள் முழுக்க ஓட்டிக் காட்டினார். ஒரு தடவைகூடத் தப்பாக இறங்கவில்லை. கைதட்டல், மைசூர்பாக்.

"பாத்தியாம்மா?" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

அடப்பாவி மனுஷா! ஓடியது உங்கள் புரோகிராமால் இல்லை, திங்கள்கிழமை கத்திய என் பிளக்-இன்னால். அது ஒதுக்கிய ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் இடம் விட்டு வைக்கும், இரண்டு வீட்டுக்கு நடுவே சந்து விடுகிற மாதிரி. வழிந்தது சந்தில் விழுந்தது, பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. சத்தத்தைத்தான் அணைத்தீர்கள், சந்து அப்படியே இருக்கிறது. அனுப்பும்போது டீபக்கரைக் கழற்றினால் சந்தும் போய்விடும்.

இதை எல்லார் எதிரிலும் சொன்னேன். பெங்களூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். மே. முந்திக்கொண்டு, "புதுப் பொண்ணு சார்." மூன்று வருஷமாகப் புதுப் பொண்ணு.

மைசூர்பாக்கைத் தொடவில்லை. இப்போது பசிக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் டீபக்கரைக் கழற்றினார்கள். மதியமே நடந்துவிட்டது.

முனிராஜ்தான் அந்த பிரஸ்ஸின் ஆபரேட்டர், கெலமங்கலத்துப் பையன். துடைத்துக்கொண்டிருந்தவனை, பூஜைக்குப் பெயர் அடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் மே. சாமி பேரோடு அடித்து என்டர் தட்டியிருக்கிறான். மெஷின் தானாக இறங்கி, உள்ளே இருந்த எண்ணெய்க் குவளை அப்பளம் ஆகிவிட்டது.

"ரெண்டு கையும் வெளிய தான் மேடம் இருந்துச்சு. பொத்தான தொடவே இல்ல. அம்மன் மேல சத்தியம்."

அவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம்.

"எங்கண்ணனுக்கு வேற கம்பெனில மூணு விரல் போச்சுங்க. இப்ப தக்காளி பறிக்கக்கூட யாரும் கூப்பிடறதில்ல."

மே. வந்தார். குவளையைப் பார்த்தார். "பொத்தான் மேல சாஞ்சிருப்ப. குடிச்சிருக்கியா?" அவ்வளவுதான் விசாரணை. மெஷினின் கம்ப்யூட்டர் இருக்கும் பேனலைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை மறுபூஜை, முதல் தகடு முனிராஜ் வைக்கணும், அப்புறம் லாரியில் ஏற்றணும். இல்லையென்றால் வேலைக்கு வராதே என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நீளம் பார்த்து மிச்சத்தை வெட்டிவிட இரண்டு வரி போதும். இரண்டே வரி! திறக்க விடமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி. ஆயுத பூஜை

நல்ல வெயில். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, சுண்டல், வாழைக்கன்று. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். என் கீபோர்டுக்கும்தான், 'என்டர்' மேல் பெரிய பொட்டு.

சாவி கேட்டேன்.

"சாமிக்கு வெச்சாச்சு. இன்னிக்குத் தொடுவியா? உங்க ஊர்ல எப்படியோ, இங்க வழக்கம் இல்ல."

எங்கள் ஊரிலும் தொடமாட்டோம், தெரியும். ஆனால் ஒருத்தன் கையைவிடவா?

முதலாளியிடம் போனேன். நல்ல மனுஷர், கேட்டார். பாதி சொல்வதற்குள் மே. நுழைந்து, "பொண்ணு கொஞ்சம் டென்ஷன் சார், வீட்ல வரன் பாக்கறாங்களாம்." சிரித்தார்கள். முதலாளி, "நாளைக்குப் பாத்துக்கலாம்மா, பொரி எடுத்துக்கோ." எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, அவர்களுக்கு அது புரியாது.

முனிராஜ் கேட்டில் நின்றான். நாளைக்கு வராதே என்றேன். "வராம இன்னா பண்றதுங்க மேடம்? வேற எங்க போறது?"

அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பெயருக்கு இடம் விடத் தெரியாதவர் மேல்தான்.

அக்டோபர் 11, சனி

மறுபூஜை. நல்ல நேரம் ஒன்பதரைக்குள் என்றார் ஐயர். லாரி தயாராக நின்றது. பெங்களூர் டிரைவர், "பேக மாடி சாமி, பேக மாடி" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தான். முதலாளி, அவர் மனைவி, ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும். முனிராஜ் புதுச் சட்டையில், கையில் தகடு. முகத்தில் ஈ ஆடவில்லை.

மே. பேனலைத் திறந்து, பெயர் அடிக்க விரலை நீட்டினார். நான் போய் நடுவில் நின்றேன்.

"சார், நீங்க எழுதின புரோகிராம். சாமி பேர முனிராஜ் அடிக்கட்டும். தகட்ட நீங்க வைங்க. அவன் என்டர் தட்டறப்ப உங்க கை உள்ள இருக்கட்டும்."

"என்ன பேசற நீ?"

"மெஷின் நல்லாத்தான ஓடுது?"

டிரைவர்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். முதலாளி மே.யைப் பார்த்தார். "வைங்களேன், நல்ல காரியம்தானே" என்றார் முதலாளியின் மனைவி.

மே. தகட்டை வாங்கினார். மெஷின் வாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே நின்றார். வியர்வை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். கை உள்ளே போகவில்லை. மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, "நீயே வைப்பா" என்று தகட்டை முனிராஜிடம் நீட்டினார்.

முனிராஜ் அதை வாங்கவே இல்லை. நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தான்.