பட்டியலில் முதல் பெயர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் மகள் கல்யாணத்துக்கு நீ வராமல் போனதைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

அரசாங்கத்து மதத்தில் இல்லாதவர்கள் கூடிக் கும்பிட அனுமதி வேண்டுமாம், வருகிறவர்கள் பெயரும் வேண்டுமாம். உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான் யாரைக் கும்பிட்டால் அவர்களுக்கு என்ன? இருந்தாலும் என் முன்னறையில் கூடும் பதினான்கு பேரையும் கதவு எண்ணோடு எழுதியிருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. தையற்காரர், "பேரெல்லாம் எதுக்குக்கா?" என்று இழுத்தார். "என் தம்பி ஆபீஸ்தான், பயந்து சாகாதீங்க" என்று அடக்கினேன். சீக்கிரம் அனுமதி வாங்கி அனுப்பு.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

மனு மேலே போய்விட்டது. கொஞ்ச நாள் முன்னறையைப் பூட்டி வை. ஏன் என்று கேட்காதே.

தம்பி

மார்ச் 23

தம்பி,

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. நான் எழுதிய வரிசை மாறாமல் கதவு கதவாகத் தட்டி, பதின்மூன்று பேரை வேனில் ஏற்றினார்கள். மதம் மாறியதாகக் கையெழுத்துப் போட்டால் விடுதலையாம். ஒன்பது பேர் போட்டுவிட்டுத் தலை நிமிராமல் வந்தார்கள். தையற்காரர் போடவில்லை. நேற்று அவரைப் பிணமாகக் கொடுத்தார்கள். நெஞ்சுவலியாம்.

அவர் மனைவி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள்: "உங்க கதவ மட்டும் ஏங்க்கா தட்டல?"

எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லு.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

அனுப்பும் முன் உன் பெயரை எடுத்துவிட்டு, பட்டியலை வேறு தாளில் எழுதினேன். ஒரு பெயரைத்தான் எடுக்க முடிந்தது. காப்பாற்றினான் என்றாவது நினை. இதைக் கிழித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

கிழித்துவிட்டேன். தையற்காரர் மனைவியிடம் காட்டவில்லை. காட்டினால் நீ மாட்டுவாய்.

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று தெருவே பேசுகிறது. இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? என் தம்பி, என் தம்பி என்று சொல்லித்தானே ஒவ்வொரு பெயராக வாங்கினேன்.

மூன்று பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். இதைத் தபாலில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். பயத்தில் என் பெயரை எழுதாமல் விட்டேன், இப்போது எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். கையெழுத்துக் கேட்டால் போட மாட்டேன்.

பார்க்க வராதே. உன் பெயர் இனி என் வாயில் வராது. அவர்கள் அடித்துக் கேட்டாலும் சரி, நீயே எதிரில் வந்து நின்றாலும் சரி.