கம்பெனி உப்பு

ஏப்ரல் 2, 1930. புதன்

என் அப்பா உப்புத் திருடர். இன்று காலை கையும் களவுமாகப் பிடித்தேன்.

பொடி போடும் பழக்கமே இல்லாதவருக்கு மூக்குப்பொடி டப்பா எதற்கு என்று ஒரு வாரமாகவே சந்தேகம். முழங்கால் போட்டு ஜெபமாலை உருட்டுகிறார். ஒரு மணியைத் தள்ளியதும் விரல் டப்பாவுக்குள் போகிறது, பிறகு நாக்குக்குப் போகிறது. உள்ளே அத்தனையும் பொடியுப்பு. பிடுங்கிக் கொட்டினேன். "ஜெபத்துல கைய வைக்காத பிலோ" என்றார்.

டாக்டர் தணிகாசலம் போன மாதமே சொல்லிவிட்டார். காலில் கோத்திருக்கும் நீர் மேலே ஏறினால் நெஞ்சு தாங்காது. உப்பு அறவே கூடாது, சர்க்கரை பேருக்கு. அம்மா போன பிறகு அடுப்பு என்னுடையது. அப்பாவின் உயிரும் என் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டப்பாவைப் பற்றித் தெரியாமல்.

இத்தனைக்கும் அவர் வேலை பார்ப்பது பிராம்லி உப்புக் கம்பெனியில். இருபத்தெட்டு வருஷமாக ஹெட் கிளார்க்.

ஏப்ரல் 5

உப்பில்லாத குறையை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறேன். மீன் குழம்பில் மாங்காயைக் கூட்டினேன். மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்துப் போட்டேன். மோரில் இஞ்சி, கறிவேப்பிலை. எனக்கே நன்றாக இருந்தது. அப்பா ஒரு வாய் வைத்தார். "ஆஸ்பத்திரி வெராந்தா மாதிரி இருக்கு" என்றார்.

காப்பியில் சர்க்கரை அரை ஸ்பூன். அதற்கு ஒரு முறைப்பு.

ஏப்ரல் 8

கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் மாதம் ஒரு மூட்டை உப்பு இனாம். நாங்கள் இருப்பதோ இரண்டு பேர். அம்மா இருந்தபோது தெருவுக்கே ஊறுகாய் போட்டுக் கொடுத்துத் தீர்ப்பாள். இன்று வண்டிக்கார பக்கிரி மூட்டையை இறக்க வந்தார். வீட்டில் உப்பு இருந்தால்தானே திருட்டு. திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

"இன்னா பாப்பா, கம்பெனி குடுக்கறத வாணாம்னா பெரியவரு கோச்சுக்க மாட்டாரா?"

"அவர் உயிரோடு இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும்."

பக்கிரி குனிந்து மூட்டையை மறுபடி முதுகில் ஏற்றினார். வாய்க்கால் கரையில் கம்பெனியின் உப்புக் கிட்டங்கியில் வருஷக்கணக்காக மூட்டை சுமந்து பாதமெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு. அவருக்கு எந்த டாக்டரும் உப்பைத் தடுக்கவில்லை.

ஏப்ரல் 11

நான் ஒரு முட்டாள். குஜராத்தில் காந்தி உப்பு எடுத்த செய்தி பேப்பரில் வந்திருக்கிறது. ஊரில் வேறு பேச்சே இல்லை. அதே வாரத்தில் உப்புக் கம்பெனி ஹெட் கிளார்க்கின் மகள் கம்பெனி உப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் வாசலில் கோஷம். கதர்க் குல்லாய் போட்ட பையன்கள். ஒருவன் என் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுவிட்டான். வீராங்கனையாம்.

"அப்பாவுக்குக் காலில் வீக்கம். டாக்டர் உப்பு கூடாதென்றார். அவ்வளவுதான்" என்றேன்.

"தேசமே இன்னிக்கு நோயாளிதாம்மா" என்றான் அவன், கண் கலங்கி.

கடற்கரையில் அவர்களே காய்ச்சிய உப்பென்று ஒரு பொட்டலத்தையும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சமையலறையில் வைத்தேன். விளக்கேற்றும்போது பொட்டலம் இல்லை.

"கசக்குது பிலோ. மணல் வேற" என்றார் அப்பா. "கம்பெனி உப்பு மாதிரி வராது."

ஏப்ரல் 15

மானேஜர் லூர்துசாமி அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். வீட்டில் சத்தியாக்கிரகமா என்று கேட்டாராம். அப்பா டாக்டர் சர்ட்டிபிகேட்டை நீட்டியிருக்கிறார். லூர்துசாமி அதைத் தொடவே இல்லையாம்.

"உப்பு ஆகாதுன்னு ஒரு டாக்டர் எழுதறதை உப்புக் கம்பெனி பைல்ல வைக்கிறதா? கடற்கரையில காய்ச்சறவன்கூட உப்பு வேணும்னுதானே காய்ச்சறான்? இது அதைவிட மோசம் வேதநாயகம்."

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வருவாராம். அப்பா உப்புப் போட்டுச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் வேலை தங்கும்.

இதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் கவலை இருந்திருக்க வேண்டும். இல்லை. கையில் காகிதப் பொட்டலம். கருவாடு.

ஏப்ரல் 21, திங்கள்

இரண்டு பானையில் சமைத்தேன். மானேஜருக்கு உப்புள்ளது, அப்பாவுக்கு இல்லாதது. உப்பிருப்பதுபோல் நடிக்க வேண்டியது மட்டும்தான் அப்பாவின் வேலை. ஒத்துக்கொண்டிருந்தார்.

கோபத்தில் மானேஜரின் ரசத்தில் இரண்டு கை கூடுதலாகப் போட்டுவிட்டேன். பொய் சொல்வானேன், வேண்டுமென்றேதான். ஒரு வாய் குடித்ததும் அவர் கண் சிவந்தது. ஆனால் உப்புக் கரிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? அப்புறம் அவரையல்லவா விசாரிக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். மறுபடியும் தண்ணீர் கேட்டார்.

இங்கேதான் அப்பா கெடுத்தார். "சார் சாப்பிடற ரசத்தையே எனக்கும் ஊத்தும்மா. சாட்சி வேணும் இல்ல" என்று தட்டை நீட்டினார். ரசம், கருவாடு, மேலே ஒரு கை உப்பு. சாப்பிடச் சாப்பிட அவர் கண்ணில் தண்ணீர். சந்தோஷத்தில்.

"விசுவாசமான மனுஷன்" என்றார் லூர்துசாமி, ஏப்பத்தோடு.

மே 6

பக்கிரி மூட்டையைக் கொண்டுவந்தார். அப்பாவே வாசலில் நின்று வாங்கிக்கொண்டார்.

மே 13

தினம் ஆபீசில் எல்லோர் முன்னாலும் கருவாடு சாப்பிடுகிறாராம். கேட்டால், "கம்பெனி உத்தரவு. நான் என்ன செய்யட்டும்" என்கிறார். குப்பத்துக்குப் போய் மீன்காரி தேசம்மாவிடம் சண்டை போட்டேன். இனி அவருக்கு விற்காதே என்றேன்.

"ஐயா வேலைய காப்பாத்திக்கத் துன்றேன்றாரு. நீ உசுர காப்பாத்த வாணான்ற. நடுவுல நா இன்னா பண்ண? எதிர்ல சமுத்திரம் கீது, உப்ப வரி குடுத்து வாங்கி மீனுல தடவறேன். அத்தையும் விக்கக் கூடாதுன்னா எங்க போவ?"

நான் சண்டை போட வேண்டிய இடம் குப்பம் இல்லை. அது தெரிந்தும் அங்கேதான் போனேன். லூர்துசாமி வீட்டுக்குப் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அப்பாவைவிட எனக்குத்தான் அதிகமோ?

ஜூன் 4

பூட்ஸ் காலில் ஏறவில்லை. செருப்போடு போனார்.

ஜூன் 19

காலையில் முகம் வீங்கியிருக்கிறது. கண்ணே தெரியவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேர் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர் தணிகாசலம் வந்தார். என்னைத் திட்டினார்.

இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது. தலையணையை உயர்த்தி உட்காரவைத்திருக்கிறேன். இனி பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டு, வேகவைத்த புடலங்காய். வீட்டில் ஒரு கல் உப்பு இல்லை. கொல்லையில் குழி தோண்டி அத்தனையையும் புதைத்தேன்.

ஜூன் 25

கம்பெனியிலிருந்து ஆள். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். அதே காகிதத்தைக் கொடுத்தனுப்பினேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது.

ஜூலை 1

கம்பெனியிலிருந்து கடிதம்: டாக்டர் சர்ட்டிபிகேட்டில் கண்டபடி தேக அசௌக்கியம் காரணமாக ஜே. வேதநாயகம் இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பென்ஷன் இல்லை. நீண்ட கால ஊழியத்தைப் பாராட்டி இரண்டு மூட்டை உப்பு. பக்கிரி என் முகத்தைப் பார்க்காமல் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

ஆபீசுக்குப் போனேன். லூர்துசாமியின் மேஜைக்கு முன்னால் நின்றே கேட்டேன். "ஏப்ரல்ல இந்தக் காகிதம் ராஜத்துரோகம். இப்ப மட்டும் எப்படி சார் செல்லுது? அன்னிக்கே செல்லியிருந்தா எங்கப்பா படி ஏறியிருப்பார் இல்ல?"

"அப்ப நெலம வேற பொண்ணே" என்றார். கூஜாவைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார். "ஞாயித்துக்கெழம பூசையில பார்ப்போம்."

ஜூலை 14

டாக்டருக்குச் சந்தோஷம். வீக்கம் வடிகிறது. மூச்சு இழுப்பு இல்லை. "இப்பதான் நல்ல நோயாளி" என்று அப்பாவின் தோளைத் தட்டினார்.

என்ன கொடுத்தாலும் சாப்பிடுகிறார். இன்று பெட்டிக்குப் பின்னால் மூக்குப்பொடி டப்பா அகப்பட்டது. நிறைய உப்பு. மேலே தூசி படிந்து, விரல் பட்ட அடையாளமே இல்லை. ஒளித்துவைத்ததையே மறந்துவிட்டாரா? மறக்கிற ஆளா?

மத்தியானம் புடலங்காயில் மிளகுகூடப் போடவில்லை. எலுமிச்சை பிழியவில்லை. வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தட்டில் கொட்டினேன். டப்பாவைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசலைப் பார்த்தபடி மென்றார்.

"எப்படி இருக்குப்பா?"

"நல்லா இருக்கும்மா."

"உப்பு இல்லப்பா. ஒண்ணுமே இல்ல அதுல. வெராந்தான்னு சொல்லுங்க. எங்கடி உப்புன்னு கேளுங்க."

அடுத்த கவளத்தை எடுத்தார்.

"கேளுங்கப்பா."