டேங்க் மறுபடியும் உறுமினான்

அன்பு மகன் டோபிக்கு, மின்னசோட்டாவுல இருந்து அப்பா எழுதுறது. இங்க நானும் உன் அம்மாவும் உயிரோட இருக்கோம், நீயும் அந்த ஆஸ்திரேலியாச் சுரங்கத்துல கை கால் முழுசா இருப்பேன்னு நம்புறேன். பதினோரு வருஷமா எழுதாதவன் இப்ப என்னத்துக்கு எழுதுறான்னு நினைப்பே. விலாசம் உன் அம்மா கொடுத்தா, அவளைத் திட்டாதே. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ, பதினெட்டுத் தையல் போட்ட இடது கை இன்னும் சரியா மடங்க மாட்டேங்குது, காகிதத்தைப் பிடிக்க முடியலை.

கடிச்சது டேங்க். நீ போன பிறகு வந்த நாய், ஆறு வயசு, கருப்பன், கன்னுக்குட்டி உசரம் இருப்பான். அடியாத மாடு படியாதுங்கறவன் நான், அது உன்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும். குட்டியா இருக்கும்போது தட்டுப் பக்கம் போனா உறுமுவான். கராஜ்ல ஆணியில தொங்குற உன் பழைய ஹாக்கி மட்டை இருக்கே, அதால முதுகுல ஒண்ணு வைப்பேன். பூனை கிட்ட வந்தா உறுமுவான், இன்னொண்ணு. நகம் வெட்டப் போனா உறுமுவான், ரெண்டு. ஒரே வருஷத்துல சத்தம் அடங்கிப் போச்சு. என் நாய் வாயைத் திறந்து நாலு வருஷமாச்சுன்னு பக்கத்து வீட்டு கோர்டிகிட்ட பீத்திக்குவேன். அவனும் பாவம், தலையாட்டிக் கேட்டுக்குவான்.

ஜனவரியில ஒரு காலையில, பனி தள்ளுற மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த கோர்டி குனிஞ்சு டேங்க் தலையைத் தடவினான். குரைக்கலை, உறுமலை, பல்லைக்கூடக் காட்டலை. நேரா மணிக்கட்டு. எலும்பு நொறுங்குற சத்தம் வாசப்படியில நின்ன எனக்கே கேட்டுச்சு. கோர்டி முட்டி போட்டு அலறுறான், இவன் விடாம உதறுறான், பனி பூரா ரத்தம். நான் கராஜுக்கு ஓடி மட்டையை எடுத்துட்டு வந்து விளாசினேன். மூணாவது அடியில கோர்டியை விட்டுட்டு என் கையைக் கவ்வினான், சதை கிழிஞ்சு தொங்கிச்சு. மிரண்டு போய் குறுக்க ஓடின பூனை பிக்கிளோட பாதிக் காதும் போச்சு. மட்டை ரெண்டா முறியுற வரைக்கும் அடிச்சேன்டா, பொய் சொல்லலை. ஒரு கண்ணு வீங்கி மூடி, கராஜ் மூலையில போய்ச் சுருண்டு படுத்தான், அப்பக்கூட ஒரு முனகல் இல்லை. கோர்டிக்கு ரெண்டு விரல் இன்னும் மடங்கலை, என் வீட்டுப் பக்கம் வர்றதும் இல்லை.

டவுன் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து, இன்னும் ஒரே ஒரு கடி, வீட்டு ஆளைக் கடிச்சாலும் சரி, ஊசி போட்டுக் கொன்னுடுவோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனான். அந்த வேலையை அவன் எதுக்குச் செய்யணும்னு நான் துப்பாக்கியை எடுத்தேன். உன் அம்மா கராஜ் கதவுல வந்து நின்னுக்கிட்டா. கத்தலை. "பையனை விரட்டியாச்சு, இப்ப நாயைச் சுடப் போற, அப்புறம் இந்த வீட்டுல அடிக்க யாரு ராட்னி மிச்சம்?"னு கேட்டா. கேட்டுட்டு, தோட்டாவை எல்லாம் பிடுங்கிட்டுப் போய் மாவு டப்பாவுக்குள்ள போட்டுட்டா. மறுநாளே கொரின்னு ஒருத்திக்குப் போன் பண்ணினா. அடிக்காம, திங்கக் கொடுத்தே நாய் பூனையைப் பழக்குறவளாம். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

கொரின் முப்பது வருஷம் ஜெயில் காவல்ல இருந்தவ, ஆள் பீரோ மாதிரி இருப்பா. அவிச்ச கோழி ஈரல் ஒரு பை, நாய் சரியாச் செஞ்ச அந்த நொடியில அமுக்குறதுக்கு டிக்குனு சத்தம் போடுற ஒரு சின்ன டப்பி, இவ்வளவுதான் கொண்டு வந்தா. அவ கேட்ட முதல் கேள்வியே, உறுமுவானா? நான் நெஞ்சை நிமிர்த்தி, அதை அடிச்சே நிறுத்திட்டேன்னேன். பையைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தா. "கிட்ட வராதே, பயமா இருக்குன்னு சொல்ல அதுக்கு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அடிச்சுப் பிடுங்கிட்டீங்க. பல்லை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க"ன்னா. போடி பெரிய இவன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, உன் அம்மா பார்த்த பார்வையில முழுங்கிட்டேன்.

அஞ்சு வாரம், மகனே. கடிக்காம இருக்க நாய் வாயில மாட்டுற முகக்கூட்டுக்குள்ள கடலை வெண்ணெயைத் தடவி நீட்டணும், அவனா மூக்கை விட்டா டிக், ஒரு துண்டு ஈரல். பூனை அலமாரி மேல அசையாம உட்கார்ந்தா அதுக்கு டிக், டூனா மீன். டேங்க் பூனையைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினா அவனுக்கு டிக். பிக்கிள் ரெண்டே நாள்ல படிச்சுருச்சு, அந்த அரைக்காதுக்கு என்னைவிட மூளை. நான்தான் நேரம் தப்பித் தப்பி அமுக்கினேன். ஒரு நாள் ஆத்திரத்துல ஈரல் பாத்திரத்தை எட்டி உதைச்சேன், டேங்க் இருந்த இடத்துலயே மூத்திரம் பேஞ்சுட்டான். கொரின் துணியை என் கையில கொடுத்து என்னையே துடைக்கச் சொன்னா. துடைச்சேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில டேங்க் என் பூட்ஸ் மேல தலையை வச்சுப் படுத்திருந்தான். முகக்கூடு இல்லை, அறிவு கெட்டவன் நான் மறந்தே போய் பூட்ஸை உருவக் குனிஞ்சேன். அடித் தொண்டையில இருந்து வந்துச்சு பாரு, கர்ருனு. நாலஞ்சு வருஷம் கழிச்சு. என் கை தானா மேல போச்சு, டோபி. பக்கத்துலயே முறிஞ்ச மட்டையோட பிடி கிடந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். அடிச்சிருந்தா கடிச்சிருப்பான், கடிச்சிருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும். பிடியைக் கீழ போட்டுட்டு ரெண்டு அடி பின்னாடி போனேன். உறுமல் நின்னுச்சு. "நன்றிடா"ன்னேன், ஒரு நாய்கிட்ட. உன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா, தோள் குலுங்குச்சு.

இதை எல்லாம் ஏன் எழுதுறேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். பதினேழு வயசுல நீ எதிர்த்துப் பேசுறதை நிறுத்தினே. பையன் திருந்திட்டான்னு ஊர் பூராச் சொன்னேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வார்த்தை பேசாம அதே மட்டையால என் தாடையை உடைச்சுட்டுப் போனே. காரணமே இல்லாம அடிச்சான்னு பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். காரணம் என் கையிலதான் இருந்துச்சு. தப்பு என் மேல, மன்னிச்சுக்கோ.

நல்லா இரு, நீடூழி வாழு. அங்க வெயில் கொளுத்துதாம், தொப்பி இல்லாம வெளிய போகாதே. மட்டையை நேத்து அடுப்புல போட்டு எரிச்சாச்சு. போன் நம்பர் பழையதுதான், மறந்துடாதே. நலம் விசாரிக்க வேண்டாம், ஹலோகூட வேண்டாம், எடுத்த எடுப்புலயே என்னைத் திட்டு. நடுவுல பேச மாட்டேன், போனை வைக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராட்னி ஹக்காலா