சித்தப்பா மாட்டிய சிவப்புக் கேபிள்

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நியூசிலாந்தில் குளிர் விட்டு நீயும் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் அப்பா எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். குடும்ப வாட்சாப் குழுவில் நான் எதைப் போட்டாலும் உன் சித்தப்பா சசிதரன்தான் முதலில் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். உனக்குத் தனியாக அனுப்பினால் அம்மா என் போனை வாங்கிப் பார்த்து அதையும் அவனிடம் சொல்லிவிடுவாள். தபாலை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது.

எஸ்டேட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்கிறது, குரங்குகள் அம்மாவின் பப்பாளியைத் தின்கின்றன, புது மேனேஜர் வந்திருக்கிறார். வயது உன் வயதுதான் இருக்கும். பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான் இன்னும் பெரிய கிராணியாகவே ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறார். பழைய மேனேஜர் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவர் எனக்கு வரவேண்டிய பதவியை மட்டும் தன் மச்சானுக்குக் கொடுத்தார். அது போகட்டும். நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். நீ வாங்கியிருக்கும் பழைய காருக்கு பேட்டரி கேபிளைத் தடிமனாக மாற்றினால் இழுவை கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்று சித்தப்பா சொன்னதாகச் சொன்னாய். ரஹாங்கில் கார் சாமான் கடை வைத்திருப்பவன் வேறு என்ன சொல்வான். மாற்ற வேண்டாம். வண்டியைக் கிளப்பும் சில வினாடிகளில்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் இழுக்கும், கேபிளுக்கு அப்போதுதான் வேலை. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். கேபிள் பழுதில்லாமல் இருந்தால் அதை உன் கை தடிமனுக்கு மாற்றினாலும் மைலேஜுக்கு ஒன்றும் ஆகாது. முனைகள் சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருக்கின்றனவா என்று பார், அது போதும்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. நீ புறப்பட்ட அன்று நம் வண்டி டக் டக் என்றதோடு நின்றுவிட்டது உனக்கு நினைவிருக்கும். சித்தப்பா தன் வண்டியைக் கொண்டுவந்தான். உன்னையும் அம்மாவையும் பெட்டிகளையும் ஏற்றிய பிறகு முறுக்கு டின்னுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. "நீங்க வீட்டுல இருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன் லா" என்றான். பார்த்தும் கொண்டான். விமான நிலையத்தில் அவன் உன் நெற்றியில் விபூதி பூசுகிற படத்தை அன்று மாலையே குழுவில் போட்டான். படம் தெளிவாக வந்திருந்தது. அன்றிலிருந்து நம் வண்டி ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. வீட்டு மேட்டில் நிறுத்தி, உருட்டிவிட்டுக் கிளப்பித்தான் ஆபீசுக்குப் போய்வந்தேன்.

காரணம் இந்த வருஷம்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைப்போம் அல்லவா, பண்டாரம் ஆறுமுகம் தண்ணீரைத் தெளித்து பேட்டரி மேலேயே கைநிறைய விபூதி அப்புவார். அடுத்த பூசை வரை அதைத் துடைக்கக்கூடாது என்பது உன் அம்மா போட்ட சட்டம். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பொடி பூத்தபோது நான் அதை ஆறுமுகத்தின் தாராள மனசு என்று நினைத்தேன். உன் அம்மா அதற்கும் மேலே போய்விட்டாள். யாரும் பூசாமலேயே விபூதி வளர்கிறது என்று பக்கத்து வரிசை வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள், ஒருத்தி அதற்குக் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வளர்ந்தது அமில உப்பு. அது முனைக்கும் கேபிளுக்கும் நடுவே புகுந்து மின்சாரத்தை மறித்திருக்கிறது.

போன மாதம் நான் ஆபீசில் இருந்த நேரத்தில் சித்தப்பா வந்து, யாரையும் கேட்காமல், கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த சிவப்புக் கேபிளை மாட்டிவிட்டான். மாட்டுவதற்கு முன் வெந்நீரை ஊற்றி முனைகளைத் தேய்த்திருக்கிறான். "சாமி விபூதிய கழுவிட்டியே தம்பி" என்று அம்மா அழ, "சாமி கோவிச்சுக்க மாட்டாரு அண்ணி, காடி ஓடுனா அவருக்கும் சந்தோசந்தானே லா" என்றானாம். நான் வந்ததும் சாவியைத் திருப்பச் சொன்னான். உடனே கிளம்பியது. "பாத்தீங்களாண்ணே, என் கேபிள் வேல செய்யுது. இனி எண்ணெயும் மிச்சம், மேட்டுலயும் பிச்சிக்கிட்டுப் போவும்" என்றான். வேலை செய்தது கேபிளா வெந்நீரா என்ற கேள்வி அவனுக்கு எழவில்லை. ரஹாங் முழுக்க அண்ணன் வண்டிக்கு உயிர் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறான். தெமியாங் சந்தையில் மீன் விற்கிறவரே என்னிடம் விசாரித்தார்.

ஆகவே சோதித்தேன். சிவப்புக் கேபிளோடு டாங்கி நிறைய பெட்ரோல் ஊற்றித் தீரும்வரை ஆபீசுக்கும் தெமியாங்குக்கும் ஓட்டினேன். பிறகு அவன் குப்பையில் போட்ட பழைய கேபிளை எடுத்து, சமையல் சோடாவால் கழுவி மாட்டி, அதே பாதையில் இன்னொரு டாங்கி ஓட்டினேன். மைலேஜ் மாறவில்லை. மேட்டில் இழுவையும் மாறவில்லை. காலையில் கிளம்புவதிலும் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சிவப்புக் கேபிளைச் செய்தித்தாளில் சுற்றி அவன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து முடிவைச் சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் முன்னால், "நீங்க ஓட்டுற ஓட்டுக்கு ராக்கெட் எஞ்சின் போட்டாலும் மைலேஜ் மாறாதுண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆராய்ச்சியில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவன் சொன்ன காரணம் தவறு. வண்டி கிளம்பியது அவன் கைபட்ட பிறகுதான் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா போனில் சொல்லிவிடுவாள்.

இப்போது நீ என்னிடம் கேட்காமல் அம்மா வழியாகத் தெரிவித்த விஷயம். தீபாவளிக்கு வரும்போது விமான நிலையத்துக்கு சித்தப்பா வந்தால் போதும், அப்பா வண்டியை நம்ப முடியாது என்றாயாம். போன மாதம் வரை நீ சொன்னது சரி. இப்போது வண்டி தினமும் காலையில் ஒரே சாவியில் கிளம்புகிறது, மேட்டில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். இந்த வருஷம் பேட்டரி பக்கம் வரக்கூடாது என்று ஆறுமுகத்திடமும் சொல்லியாயிற்று, அவர் என்னோடு பேசுவதில்லை. நீ போனதை நான் படத்தில்தான் பார்த்தேன். வருவதையும் படத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அதனால் சித்தப்பாவுக்கு நீயே போன் செய்து அப்பா வருகிறார் என்று சொல்லிவிடு, நான் சொன்னால் அதற்கும் கட்டைவிரலைப் போடுவான். அவனும் வந்தே தீருவேன் என்றால் என் வண்டியில் பின் சீட்டில் வரட்டும், கேபிளைப் பற்றிப் பேசக்கூடாது. உன் பெட்டிகளுக்கு இடம் போதாவிட்டால் அவன் டாக்சியில் வரலாம்.

வரும் அன்று மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொள், இங்கே புழுக்கம். பயணத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், என் ஆசியும் அம்மாவின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீ வெளியே வரும் வாசலில் நான் நிற்பேன். அங்கே வண்டியை ஓடவிட்டுக் காத்திருக்க விடமாட்டார்கள், எஞ்சினை அணைக்கத்தான் வேண்டும். அணைப்பேன். நீ வந்து முன் சீட்டில் உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்புவேன்.

அன்புள்ள அப்பா,
சு. கணேசமூர்த்தி